நீல ஒயரிலிருந்து ஈதர்நெட்டுக்கு: ஒரு சர்க்கரை ஆலையில் நடந்த கட்டுப்பாட்டு மாற்றம்

பின்னணி

நாளொன்றுக்கு 2500 டன் கரும்பு அரைக்கும் ஆலை அது. மார்கழியில் தொடங்கினால் சித்திரை வரை இரவு பகலாக ஓடும். மற்ற மாதங்களில் இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். ஊரையும் ஆலையையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். இந்த மாற்றத்தைச் செய்த குழுவில் மென்பொருள் பொறுப்பு என்னுடையது. கீழே சொல்லும் பிழைகளில் பாதிக்கு மேல் நான் செய்தவை.

ஆலையில் மூன்று கட்டுப்பாட்டுக் கருவிகள் (இயந்திரங்களைப் புரோகிராம்படி ஓட்டும் சிறு கணினிகள்) இருந்தன. மூன்றும் ஆலன்-பிராட்லி எஸ்.எல்.சி. 5/04 வகை. ஒன்று கரும்பை மில்லுக்குக் கொண்டுபோகும் கேரியருக்கும் அதை நறுக்கும் கட்டருக்கும், இன்னொன்று மில்களுக்கு, மூன்றாவது சாறு காய்ச்சும் பாய்லிங் ஹவுஸுக்கு. கேரியர் மேடையிலும் மில் மேடையிலும் ஆபரேட்டர் பார்க்க ஆளுக்கொரு பேனல்வியூ திரை. கண்ட்ரோல் ரூமில் ஒரு கணினி. எல்லாவற்றையும் கோத்தது ஒரே ஒரு நீல நிற ஒயர். டேட்டா ஹைவே பிளஸ் என்பது அந்த வலையமைப்பின் பெயர். ஆலையில் எல்லோருக்கும் அது 'ப்ளூ ஒயர்'தான். வேகம் வினாடிக்கு 57,600 பிட். இன்றைய கணக்கில் அது ஆமை வேகம். ஆனால் பேசும் உரிமை ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கைமாறும் ஏற்பாடு என்பதால், பதினைந்து ஆண்டுகள் யாரும் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் கணினியிலிருந்து தொடங்கியது. அரவைப் பருவத்தின் நடுவில் கண்ட்ரோல் ரூம் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ப்ளூ ஒயரைக் கணினியோடு இணைத்த அட்டை பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் செருகுவது. கடையில் கிடைக்கும் எந்தக் கணினியிலும் அந்த ஸ்லாட் இல்லை. மீதிப் பருவம் முழுக்க மணிக்கொரு தடவை ஒருவர் நடந்து போய்த் திரையைப் பார்த்து நோட்டில் எழுதி வந்தார். பேனல்களின் பின்விளக்கும் மங்கிக்கொண்டே வந்தது. கேரியர் மேடையில் பகல் வெளிச்சத்தில் கையைக் குடை பிடித்துத்தான் படிக்க முடிந்தது. அந்தப் பருவம் முடிந்ததும் ஈதர்நெட்டுக்கு மாறுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது.

இறங்கிப் பார்த்தபோது

முதல் இரண்டு வாரம் எதையும் கழற்றவில்லை. ஒயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம். இரண்டு முனையிலும் 150 ஓம் மின்தடை இருக்க வேண்டும், இருந்தன. நடுவில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. எப்போதோ ஒயரை நீட்டியபோது பழைய முனையில் இருந்ததை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். மில் ஹவுஸ் டிரெஞ்சில் எலி கடித்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, டேப்புக்கு மேல் சக்கைத் தூசி அரை அங்குலம். இத்தனைக்கும் அது ஓடியது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய வலையமைப்பின் பொறுமை எங்களுக்கு ஒரு தவறான நம்பிக்கையைக் கொடுத்திருந்தது.

முகவரிகளிலும் ஒரு குழப்பம். ப்ளூ ஒயரில் முகவரி எண்கள் எட்டின் அடிமானத்தில் போகும். 7க்கு அடுத்தது 10. ஒரு பேனலில் '10' என்று ஒட்டியிருந்தது, வரைபடத்தில் '8' என்று இருந்தது. இரண்டு கருவிகள் என்று நினைத்து அரை நாள் தேடினோம். இரண்டும் ஒன்றேதான்.

புரோகிராம் விஷயம் இன்னும் மோசம். அலுவலக அலமாரியில் இருந்த குறுந்தகட்டுப் பிரதியும் கருவிக்குள் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமும் ஒன்றாக இல்லை. பருவத்தின் நடுவில் யார் யாரோ ஓடும்போதே திருத்தியிருக்கிறார்கள். கருவிக்குள் இருப்பதை எடுத்தால் விளக்கக் குறிப்புகள் வராது. அவை எழுதியவரின் கணினியில் மட்டுமே இருக்கும். ஆக, ஓடும் புரோகிராமைக் கருவியிலிருந்து எடுத்து, குறிப்புகளைப் பழைய பிரதியிலிருந்து ஒட்டி, பொருந்தாத இடங்களை ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம்.

அப்புறம் ஒரு அட்டவணை போட்டோம்: யார் யாருக்கு, எதை, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை அனுப்புகிறார்கள். மொத்தம் ஐந்து செய்திகள். அதில் முக்கியமானது, மில் கருவி கேரியர் கருவிக்கு அனுப்பும் செய்தி. முதல் மில் ஓடுகிறதா, மில்லுக்கு மேலே உள்ள சூட்டில் (கரும்பு மில்லுக்குள் இறங்கும் உயரமான பெட்டி) கரும்பு எத்தனை சதவீதம் நிற்கிறது என்ற இரண்டு தகவலும் அதில்தான் போகும். சூட் நிரம்பினால் கேரியர் வேகம் குறையும், மில் நின்றால் கேரியர் நிற்கும். இந்த அட்டவணையைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அதில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது: 'செய்தி வராவிட்டால் என்ன ஆகும்?'

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிய தலைமுறைக் கருவி போடுவது முதலாவது. அப்படியானால் கேரியர் பேனலில் மட்டும் 13 ஸ்லாட் ரேக் (கருவியும் அட்டைகளும் செருகும் சட்டம்) முழுக்க ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டும். இப்படிப்பட்ட வேலைகளில் தவறு நிறைய நேர்வது அங்கேதான். இரண்டாவது வழி, பழைய ரேக்கையும் ஒயரையும் அப்படியே வைத்து, கருவி இருந்த ஸ்லாட்டில் ஈதர்நெட் அடாப்டர் ஒன்றைச் செருகி, புதிய கருவியை வெளியே வைப்பது. நல்ல வழிதான். ஆனால் சென்சாரும் வால்வும் கூட வலையமைப்பை நம்பி நிற்கும். ஈதர்நெட்டோடு இன்னும் பழகாத பராமரிப்புக் குழுவிடம் முதல் ஆண்டிலேயே அதை ஒப்படைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, 5/04ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் ஈதர்நெட் துளை உள்ள 5/05ஐ வைப்பது. ரேக், அட்டைகள், ஒயர் எதையும் தொட வேண்டாம். புரோகிராமில் கருவி வகையை மாற்றினால் பெரும்பகுதி அப்படியே ஏறிவிடும். 5/05ம் பழைய குடும்பம்தான், இன்னும் சில ஆண்டுகளில் மறுபடி மாற்ற வேண்டிவரும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்தோம். கையில் நான்கு மாதம்தான் இருந்தது. மூன்றாவது வழியையே எடுத்தோம்.

கேபிளில் கட்டடங்களுக்கு இடையே மின்சாரம் கடத்தாத ஃபைபர், பேனலுக்குள் மட்டும் செம்பு. செம்பு ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எர்த்திங். மில் ஹவுஸ் எர்த்தும் பாய்லிங் ஹவுஸ் எர்த்தும் ஒரே அளவில் இல்லை, மீட்டர் வைத்தே பார்த்தோம். ஐப்பசி மழையில் இடி விழுந்தால் செம்பு வழியாக இரண்டு பக்கமும் போகும்.

அலுவலகத்தில் உட்கார்ந்தே அரவை வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. ஒரு கேபிளை நேராக அலுவலக சுவிட்சில் செருகினால் போதாதா என்றும் கேட்டார்கள். மறுத்தோம். இந்தக் கருவிகள் கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும், எழுதச் சொன்னால் எழுதிக்கொள்ளும். யார் என்று கேட்காது. நடுவில் ஃபயர்வால் வைத்து, கண்ட்ரோல் ரூம் கணினியின் அறிக்கையை மட்டும் அலுவலகம் எடுத்துக்கொள்ளும்படி செய்தோம்.

மேசையில் ஓட்டிப் பார்த்தது

மூன்று கருவிகள், ஒரு புதிய பேனல், ஒரு சுவிட்ச். ஸ்டோர் அறை மேசையில் பரப்பி மூன்று வாரம் ஓட்டினோம். அங்கே பிடிபட்டவை சில.

செய்தி அனுப்பும் கட்டளைக்குக் கருவியின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். ப்ளூ ஒயரில் அதற்கு 14 சொற்கள் (நினைவகத்தை அளக்கும் அலகு) போதும். ஈதர்நெட்டில் 51 வேண்டும். பழைய புரோகிராமில் இந்த இடங்கள் இருபது இருபது சொல் இடைவெளியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அப்படியே விட்டிருந்தால் ஒரு செய்தியின் கட்டுப்பாட்டுச் சொற்கள் அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். எல்லாவற்றையும் புதிய கோப்புக்கு மாற்றினோம்.

பேனலில் 'ஜாக்' பட்டன் ஒன்று உண்டு. கையை வைத்தால் கேரியர் மெல்ல நகரும், எடுத்தால் நிற்கும். அழுத்தும்போது பேனல் கருவிக்கு 1 எழுதும், விடும்போது 0 எழுதும். சோதனையில் பட்டனை அழுத்தியபடியே கேபிளைப் பிடுங்கினேன். விரலை எடுத்தேன். கருவிக்குள் 1 அப்படியே நின்றது. உண்மையான கேரியராக இருந்தால் அது நகர்ந்துகொண்டே இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற மூத்த ஆபரேட்டர் உடனே சொன்னார்: "சார், இது திரையில வேண்டாம். கதவுல நெஜ பட்டனா போடுங்க." போட்டோம், நேரடி ஒயரோடு.

அந்த மேசையில் பேனலுக்கும் கருவிக்கும் இடையே கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோமே தவிர, கருவிக்கும் கருவிக்கும் இடையே பிடுங்கிப் பார்க்கவில்லை. அதே ஆபத்து அங்கேயும் இருந்தது. ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மாட்டிய பிறகு ஒரு சின்னத் தொல்லை. மில் மேடைப் பேனலில் திரை மாற நாலைந்து வினாடி ஆனது. பிங் அடித்தால் ('இருக்கிறாயா' என்று வலையமைப்பில் கேட்டுப் பார்த்தால்) ஒழுங்காகப் பதில் வந்தது. சுவிட்சுக்குள் போய்ப் பார்த்தால் அந்த ஒரு துளையில் மட்டும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நான்தான் அந்தத் துளையை 100 மெகாபிட், ஒரே நேரத்தில் இருவழி என்று கையால் பூட்டியிருந்தேன். பேனல் தானியங்கி நிலையில் இருந்தது. எதிர்ப்பக்கம் பேரம் பேசாவிட்டால் தானியங்கிப் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு வழி என்றே எடுத்துக்கொள்ளும். பூட்டை எடுத்ததும் சரியாகிவிட்டது.

தண்ணீர் ஓட்டம், காலி ஓட்டம் எல்லாம் நன்றாகவே முடிந்தன. மின்சாரத்தைப் பல முறை நிறுத்திப் போட்டும் பார்த்தோம். எல்லாம் தானாகவே எழுந்தன. அரவை தொடங்கி ஐந்தாம் நாள் என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.

ஒன்பதாம் நாள் இரவு

இரவு 2.40 மணி. மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்தது. முதல் மில்லின் டிரைவ் ட்ரிப் ஆகி மில் நின்றது. மில் பேனல் கருவியும் அணைந்து எழுந்தது. கேரியர் வேறு ஃபீடரில் (மின்வழியில்) இருந்ததால் அதற்கு எதுவும் ஆகவில்லை. அது கரும்பைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

கேரியர் மேடையில் இருந்த ஆபரேட்டருக்குத் திரையில் தெரிந்தது இதுதான்: மில் ஓடுகிறது, பச்சை. சூட் அளவு 38 சதவீதம். அவர் திரையை நம்பாமல் காதை நம்பினார். மில்லின் சத்தம் நின்றுவிட்டதை உணர்ந்து எட்டிப் பார்த்தபோது சூட்டின் வாய்வரை கரும்பு ஏறி இருபுறமும் சரிந்துகொண்டிருந்தது. அவசரக் கயிற்றை இழுத்தார். அந்தக் கயிறு நேரடி ஒயரில் இருந்ததால் கேரியர் உடனே நின்றது. யாருக்கும் அடி படவில்லை. சூட்டை அடைத்த கரும்பைக் கையால் இழுத்து எடுக்க நாலு மணி நேரம் ஆனது.

காலையில் நான் வந்து சேர்ந்து பிங் அடித்தேன். மில் கருவி பதில் சொல்லவில்லை. சீரியல் கேபிள் போட்டு உள்ளே பார்த்தால் ஐ.பி. முகவரி முழுக்கச் சுழியம். கீழே 'பூட்பி' என்ற கட்டத்தில் டிக் அப்படியே இருந்தது. அந்த டிக் இருந்தால் கருவி ஒவ்வொரு முறை எழும்போதும் தன் முகவரியை வலையமைப்பில் கேட்டு வாங்கும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் முகவரி இல்லாமலே நிற்கும். புதிதாக வரும் கருவியில் அது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். மற்ற இரண்டில் எடுத்துவிட்டேன், இதில் மறந்துவிட்டேன். சோதனை நாட்களில் ஒவ்வொரு முறையும் முகவரி சொன்னது கண்ட்ரோல் ரூமில் திறந்தே கிடந்த என் லேப்டாப். அதைத்தான் ஐந்தாம் நாள் எடுத்துப் போனேன்.

டிக்கை எடுத்து, முகவரியை நிலையாக எழுதினேன். பிங் வந்தது. மில் மேடைத் திரைக்கு உயிர் வந்தது. ஆனால் கேரியர் திரையில் சூட் அளவு இன்னும் 38. மில் ஹவுஸில் நின்ற உதவியாளர் சென்சாரின் எதிரே பலகையை ஆட்டினார். 38 ஒரு புள்ளி கூட நகரவில்லை.

ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மில் பேனல் சாவியைத் திருப்பிப் போட்டீங்களா சார்?" என்றார். புரியவில்லை. "எந்த சாவிண்ணே?" கருவியின் முகப்பில் இருக்கும் சாவியைக் காட்டினார். "கேரியர் பக்கம் கரண்ட் போய் வந்தா, இதை ஒரு தடவை புரோகிராமுக்குத் திருப்பி, மறுபடி ரன்ல போடணும். இல்லன்னா அந்தப் பக்கம் ரீடிங் வராது. எப்பவும் அப்படித்தான்."

திருப்பினோம். 38 என்பது 12 ஆனது, பலகையை ஆட்ட ஆட்ட நகர்ந்தது.

என்ன நடந்திருக்கிறது

புரோகிராமை மறுபடி திறந்தேன். செய்தி அனுப்பும் வரியில், முந்தைய செய்தி வெற்றியாக முடிந்தால் அடுத்ததை அனுப்பு என்று எழுதியிருந்தது. பிழையோடு முடிந்தால் என்ன செய்வது என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை பிழை வந்தால் போதும், செய்தி அதோடு நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் முதல் சுற்று என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கும். பெறும் பக்கமோ கடைசியாக வந்த மதிப்பை வைத்துக்கொண்டே இருக்கும். அது ஒரு நொடி பழையதா ஒரு நாள் பழையதா என்று அதற்குத் தெரியாது.

ஆக, இந்தப் பிழை ஈதர்நெட் கொண்டுவந்தது இல்லை. பதினைந்து ஆண்டுகளாக அங்கேயே இருந்தது. ப்ளூ ஒயரில் பிழை அரிதாகவே வந்தது, வந்தபோது அந்த எலக்ட்ரீஷியனின் கை அதைச் சரிசெய்தது. அந்தக் கைப்பழக்கம் எந்த வரைபடத்திலும் இல்லை. இரண்டு வாரம் ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் தினமும் எங்களோடு டீ குடித்தார். ஒரு தடவை கூட அவரிடம் இதைக் கேட்கவில்லை.

செய்த திருத்தங்கள்

அன்றே, அரவை தொடங்கும் முன், முதல் மில் ஓடுகிறது என்ற ரிலே தொடர்பை இரண்டு கோர் கேபிளில் கேரியர் கருவிக்கு நேராகக் கொண்டுபோனோம். சூட் நிரம்பியது என்ற சுவிட்சும் அப்படியே. எண்கள் வலையமைப்பில் போகட்டும், ஒன்றை நிறுத்த வேண்டிய கட்டளை ஒயரில் போகட்டும் என்பது அன்று எடுத்த முடிவு. ஒயர் அறுந்தால் கேரியர் நிற்கும்படியே இணைத்தோம்.

அடுத்த நிறுத்த நாளில் புரோகிராமைத் திருத்தினோம். செய்தி வெற்றியாக முடிந்தாலும் பிழையாக முடிந்தாலும் ஒரு வினாடி கழித்து மறுபடி அனுப்பும். ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண் சேர்ந்து வரும். அது மூன்று வினாடி நகராவிட்டால் கேரியர் மெல்ல நிற்கும், அலாரம் அடிக்கும். திரையில் பழைய மதிப்பு சாம்பல் நிறமாகிக் கோடு விழும். பச்சை விளக்கு பச்சையாகவே நிற்பது இனி நடக்காது.

பிறகு ஒரு முழுச் சோதனை. இம்முறை எல்லா லேப்டாப்பையும் கண்ட்ரோல் ரூமுக்கு வெளியே வைத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு கருவியாக, ஒவ்வொரு சுவிட்சாக, ஒவ்வொரு ஃபைபராக அணைத்துப் போட்டோம். ஒவ்வொன்றும் போகும்போது கேரியர் என்ன செய்கிறது, வரும்போது யாராவது எதையாவது தொட வேண்டியிருக்கிறதா என்று எழுதினோம். பாய்லிங் ஹவுஸ் சுவிட்ச் எழுந்திருக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்ததும், அதுவரை சாற்றைச் சர்க்கரையாகக் காய்ச்சும் பான் நிலைய அளவுகள் உறைந்து நின்றதும் அன்றுதான் தெரிந்தது. அங்கேயும் அதே எண் ஏற்பாட்டைச் சேர்த்தோம்.

அதற்குப் பின்

அந்தப் பருவத்தின் மீதி நாட்களில் மின்னழுத்தம் பல முறை சரிந்தது. ஒவ்வொரு முறையும் கேரியர் நின்றது, கருவிகள் தானாக எழுந்தன, சாவியை யாரும் தொடவில்லை. மூன்று வினாடி என்பது குறைவோ என்று ஆபரேட்டர்கள் முறையிட்டார்கள். சுவிட்ச் ஒன்று தடுமாறியபோது காரணமில்லாமல் இருமுறை கேரியர் நின்றிருந்தது. நிறுத்தும் கட்டளை இப்போது ஒயரில் இருப்பதால் ஐந்தாக்கினோம்.

பாய்லிங் ஹவுஸில் எதிர்பாராத வேலை ஒன்று வந்தது. சாறு ஆவியும் இனிப்புப் பிசுக்கும் பேனல் கதவு இடுக்கில் புகுந்து, இரண்டாம் பருவத்துக்குள் ஈதர்நெட் பிளக்கின் ஊசிகள் பச்சை பிடித்துவிட்டன. கதவு ரப்பரை மாற்றி, பேனலுக்குள் சின்ன ஹீட்டர் வைத்தோம். பழைய ப்ளூ ஒயர் திருகில் இறுக்கியது. இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

மறுபடி செய்வதானால்

முதல் வாரத்தில் ஒயரைப் பார்க்கும் முன் மூன்று ஷிப்ட் எலக்ட்ரீஷியன்களையும் ஆபரேட்டர்களையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவேன். 'கரண்ட் போய் வந்தால் என்ன செய்வீர்கள்? எதைத் தட்டுவீர்கள், எதைத் திருப்புவீர்கள்?' அடுத்து வந்த ஒரு சிமெண்ட் ஆலை வேலையில் இதைச் செய்தேன். இரவு ஷிப்டுக்காரர் ஒருவர், ஒரு பேனலின் ஃபியூஸைக் கழற்றிப் போடும் வழக்கத்தைச் சொன்னார். அதன் பின்னாலும் இதே மாதிரி ஒரு செய்தி வரி இருந்தது.

செய்தி அட்டவணையில் 'வராவிட்டால்' என்ற பத்தி இப்போது முதல் பத்தி. அது நிரம்பாமல் எந்தக் கருவியும் மேசையை விட்டு நகராது.

5/05ஐத் தேர்ந்தெடுத்தது சரியா என்று கேட்பவர்களுக்கு: அந்த நான்கு மாதத்துக்கு அதுவே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அப்போதே ஒரு ரேக்கையாவது, பாய்லிங் ஹவுஸ் ரேக்கை, அடாப்டர் வழியில் மாற்றியிருக்கலாம். அங்கே ஒரு நிமிடம் நின்றாலும் உடைவதற்கு எதுவும் இல்லை. பராமரிப்புக் குழுவுக்குக் கை பழகியிருக்கும். இப்போது அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள், ஓய்வு பெற்ற அந்த எலக்ட்ரீஷியனையும் சோதனை நாட்களுக்கு அழைத்திருக்கிறார்கள்.